பேன், பேர், சுக்கு

நாற்பது பிள்ளைகளுக்குத் தலையில் பேன் பார்க்க வேண்டும். அவர்கள் பேரையெல்லாம் எழுதி வைக்க வேண்டும். ஆளுக்கு ஒரு டம்ளர் சுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும். பிரெஞ்சுக்காரர் வருஷப் பிறப்புக்குப் பள்ளிக்கூடத்தில் நடக்கிற பிள்ளைகள் விருந்துக்காக எனக்கு இட்ட வேலை இவ்வளவுதான்.

இவ்வளவுதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது நான் பாகூர் கொம்யூனில், கிருமாம்பாக்கத்துக்கு மேற்கே ஓர் ஊரில் வாத்தியாரம்மா. ஊர்ப் பேரைச் சொல்லமாட்டேன். இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். நான் எங்கே இருக்கிறேன் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாம்.

வேலை தற்காலிகம். ஒரு வருஷத்துக்குத்தான் உத்தரவு. அதில் ஒரு மாதம்தான் பாக்கி இருந்தது. அதற்குள் நிரந்தரம் ஆகவில்லை என்றால் மூட்டை கட்டிக்கொண்டு செல்லிப்பட்டில் அப்பா வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அங்கே என் மாமன் மகன் கல்யாணத்துக்குத் தயாராக உட்கார்ந்திருந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் கரும்பைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேசமாட்டார். ஒரு தரம் நான் ஊருக்குப் போயிருந்தபோது, மத்தியானச் சாப்பாட்டில் ஆரம்பித்துப் பொழுது சாயும்வரை கரும்பில் விழுகிற பூச்சியைப் பற்றிச் சொன்னார். ஆயுசு முழுக்க அதைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

ஆகவே வேலை நிரந்தரம் ஆகியே தீர வேண்டும்.

இந்த வேலை எனக்குக் கிடைத்ததே பிரெஞ்சு தெரியும் என்று சொன்னதால்தான். பொய் இல்லை, தெரியும்தான். அண்ணன் படித்துவிட்டுப் போட்ட பிரெஞ்சுப் புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டை வரைக்கும் மனப்பாடம் செய்திருந்தேன். எல்லாம் எழுத்துக்கூட்டித்தான். தண்ணீருக்கு ‘எயாவு’ என்றும், பறவைக்கு ‘ஓயிசெயாவு’ என்றும் வெகு காலம் நம்பிக்கொண்டிருந்தேன். வாயால் எப்படிச் சொல்ல வேண்டும் என்று காட்டிக் கொடுக்க ஆள் இல்லை. ஆள் வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

காதால் கேட்டுக் கற்றது ஒரே ஒரு சொல். ‘உய்.’ ஆமாம் என்று அர்த்தம். மேரி என்று நாங்கள் சொல்கிற கொம்யூன் ஆபீசில் எல்லாரும் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்வார்கள். நானும் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் பெரிய வாத்தியார் தணிகாசலம் அய்யாவுக்குப் பிரெஞ்சு வாசனையே கிடையாது. அதனால் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், “நம்ம வாத்தியாரம்மாவுக்கு பிரெஞ்சு தண்ணி பட்ட பாடு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். எந்தத் தண்ணீர் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

விருந்துக்கு ஒரு வாரம் முன்னால் ஏரிக்கரை ரோட்டில் ஒரு மோட்டார் கார் வந்து நின்றது. பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் மேலதிகாரியாக இருந்த துரையின் சம்சாரம் உள்ளே இருந்தார். மதாம் என்றுதான் அவரை எல்லாரும் சொல்வோம். தங்கமான மனுஷி. தமிழ் கற்றுக்கொள்கிறார், ‘வணக்கம்’, ‘இல்லை’, ‘போதும்’ என்று நாலைந்து சொல் பழகியிருக்கிறார் என்று கேள்வி. என்னை நிரந்தரம் ஆக்குவதும் அனுப்புவதும் துரை கையில். துரை மதாம் கையில்.

கார்த்திகை மழையில் பள்ளிக்கூடத்து வழியெல்லாம் சேறு. அதனால் மதாம் இறங்கவில்லை. என்னைத்தான் கூப்பிட்டு அனுப்பினார். ஓடினேன்.

கார் ஜன்னல் வழியாக மதாம் பேச ஆரம்பித்தார். கொட்டுகிற மழையில் துளியை எண்ணுகிற மாதிரிதான் இருந்தது எனக்கு. ஒரு சொல் கூடப் பிடிபடவில்லை. ஆனால் முகத்தைத் தெளிவாக வைத்துக்கொண்டு, அவர் மூச்சு விடுகிற இடத்திலெல்லாம் “உய், மதாம்” என்றேன்.

அப்போதுதான் நடுவில் ஒரு தமிழ்ச் சொல் விழுந்தது. “பேன்.”

ஆகா, மதாம் தமிழில் சொல்கிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டேன். அடுத்தது, “பேர்.” அதற்கடுத்து, “சுக்கு.” கொஞ்சம் இழுத்து, “சுக்ர் த குளேர்” என்றார். வெள்ளைக்காரர் நாக்கு, அப்படித்தான் வரும். மார்கழி மாதக் குளிருக்குச் சுக்கு. எவ்வளவு அக்கறை.

கையாலும் ஜாடை காட்டினார். ஒரு உள்ளங்கையை விரித்து, இன்னொரு கையால் அதன்மேல் இழுத்து இழுத்துக் காட்டினார். சீப்பால் தலை வாருவது. பிறகு விரல் நுனிகளைச் சேர்த்துப் பொடி தூவுகிற மாதிரி ஆட்டினார். சுக்குப் பொடி. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

கடைசியில் என்னைக் காட்டி ஏதோ கேட்டார். “உய், மதாம்” என்றேன். மறுபடி கேட்டார். இன்னும் பலமாக “உய், மதாம்” என்றேன். சந்தோஷமாகப் போய்விட்டார்.

பெரிய வாத்தியாரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“விருந்துன்னாங்களேம்மா. விருந்துல பேன் பாக்கறதா?”

“சுகாதாரம் அய்யா. வெள்ளைக்காரங்க வழக்கம். புது வருஷத்துல சுத்தமா கால் வைக்கணும்.”

“திங்கறதுக்கு ஒண்ணும் இல்லியா?”

“சுக்குத் தண்ணி இருக்கே அய்யா. வெல்லம் போட்டுக்கலாம்.”

“நல்லா கேட்டியாம்மா? இன்னொரு தரம் கேட்டுக்கலாமா?”

இங்கேதான் நான் கொஞ்சம் முறைத்தேன் என்று நினைக்கிறேன். “அய்யா, மதாம் தமிழ்லயே சொன்னாங்க” என்றேன். பாவம், அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

விருந்துக்கு முதல் நாள் பேன் பார்க்கும் படலம். பள்ளிக்கூட முற்றத்தில் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, நானும் என் பேன் சீப்புமாக இறங்கினேன். வேப்பெண்ணெய் ஒரு சட்டி. காலை தொடங்கி மாலைவரை வாரினேன். பையன்கள் மொட்டைத் தலையோடு வந்து நின்று, “எனக்கும் பாருங்க வாத்தியாரம்மா” என்று வம்பு செய்தார்கள். எதற்கு என்று தெரியாமலே ஊரில் பாதிப் பேர் வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

வேலையில் எனக்கு ஒரு வெறியே வந்துவிட்டது. எடுத்ததை வாய்விட்டு எண்ணினேன். தனலட்சுமி அக்கா மகள் செண்பகத்தின் தலையில் மட்டும் பதினேழு. “பதினேழு” என்று நான் சொன்னபோது அவள் அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியாது.

தனலட்சுமி அக்கா ஊரிலேயே நிலமும் மாடும் அதிகம் உள்ள வீட்டுக்காரி. மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும்போது சொன்னாள்: “என் வூட்டுப் புள்ள தலையில பேனா? ஊரக் கூட்டி ஏலம் போடறியா? இருக்குது உனக்கு.”

பேர் எழுதுகிற வேலை அதைவிடக் கஷ்டம். பாதிப் பிள்ளைகளுக்கு வீட்டில் ஒரு பேர், பள்ளிக்கூடத்தில் ஒரு பேர். அம்மாவைக் கேட்டால், “சின்னதுன்னுதான் கூப்புடுவோம், வேற பேரு இன்னாவோ தெரிலம்மா” என்பார்கள். எல்லாவற்றையும் பிரெஞ்சு எழுத்தில், வளைவு நெளிவோடு, நல்ல காகிதத்தில் எழுதினேன். பார்க்கவே அழகாக இருந்தது.

மறுநாள் காலையில் முற்றத்தில் அடுப்பு மூட்டி, அண்டா வைத்து, சுக்குத் தண்ணீர் கொதிக்க வைத்தேன். மதியம் மூன்று மணிக்கு மதாம் வருவார். எல்லாம் தயார். மனதுக்குள் நிரந்தர உத்தரவைக் கையில் வாங்கிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் மேரிச் சேவகர் சைக்கிளில் வந்து இறங்கினார். பேர் முனுசாமி. சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் எல்லாரும் சொல்தா, அதாவது சிப்பாய், என்பார்கள். சொல்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேசினால் துரைகளே திரும்பிப் பார்ப்பார்கள்.

“மதாம் சீட்டு குடுத்து அனுப்பிச்சாங்க வாத்தியாரம்மா.”

பிரித்தேன். நல்ல கொழுத்த எழுத்து. எனக்குத் தெரிந்த சொற்கள்தான். எழுத்துக்கூட்டிப் படித்தேன். ‘பாயின்.’ ரொட்டி. ‘பெயுர்ரே.’ வெண்ணெய். ‘சுக்ரே.’ சர்க்கரை. பக்கத்திலேயே ‘கொவுலெயுர்.’ வண்ணம். ரொட்டியில் வெண்ணெய் தடவி மேலே வண்ணச் சர்க்கரை தூவி வைக்க நான் ஒத்துக்கொண்டதற்கு மதாம் நன்றி சொல்லியிருந்தார். அவர் ஊரில் பிள்ளைகள் விருந்து என்றால் அதுதானாம்.

“நான் எப்ப ஒத்துக்கிட்டேன்?” என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

“அன்னிக்கு கார்கிட்டதான்” என்றார் சொல்தா. “நான் காருக்கு பின்னாடிதான நின்னுகினு இருந்தேன். பேன், பேர், சுக்ர் த குலேர் எல்லாம் நீ பாத்துக்கிறியா, நான் எடுத்தாரட்டான்னு ரெண்டு தரம் கேட்டாங்க. நீதான் உய் உய்ன்னு சொன்ன.”

“பேன்னா?”

“ரொட்டி.”

“பேர்னா?”

“வெண்ண.”

சுக்ர் என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. அண்டா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

சொல்தா முற்றத்தைப் பார்த்தார். எண்ணெய் வழிகிற தலைகளைப் பார்த்தார். என் கையிலிருந்த பேர்ப் பட்டியலைப் பார்த்தார். அண்டாவை மோந்து பார்த்தார். பிறகு சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. வெகு நேரம் குலுங்கியது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கரும்புப் பூச்சி கண் முன்னால் ஊர்ந்தது. “அண்ணே, என் வேலை போச்சு” என்றேன்.

அதைக் கேட்டதும் மனுஷர் துண்டை எடுத்தார். “இன்னும் அஞ்சு மணி நேரம் கீது. ரொட்டி என் பாடு. வெண்ணையும் சக்கரையும் உன் பாடு” என்று சைக்கிளில் ஏறினார்.

வண்ணச் சர்க்கரை சுலபமாகக் கிடைத்தது. எங்கள் ஊர்ப் பெட்டிக்கடையில் சீரக மிட்டாய் இருந்தது. ஒரு சீரகத்தின் மேல் சர்க்கரைப் பாகு ஏற்றி, சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக உருட்டியிருப்பார்களே, அதுதான். கடைக்காரர் பாட்டிலை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டார்.

வெண்ணெய்தான் சிக்கல். நாற்பது பிள்ளைகளுக்குக் காணும்படி வெண்ணெய் ஊரில் ஒரே வீட்டில்தான் இருக்கும். போனேன்.

தனலட்சுமி அக்கா வாசலிலேயே நின்றாள். விஷயத்தைச் சொன்னேன்.

“நேத்து பேன் கேட்டாங்க. இன்னிக்கு வெண்ணயா? நாளைக்கு இன்னா கேப்பா உங்க வெள்ளக்காரிச்சி?”

“நேத்தும் பேன் கேக்கல அக்கா. நான்தான் தப்பா கேட்டுட்டேன்.”

“தப்பா கேட்டியா? தப்பா கேட்டுட்டுதான் எம்பொண்ணு தலையில பதினேழுன்னு ஊருக்கெல்லாம் சொன்னியா?”

“அது சரியாத்தான் எண்ணினேன்” என்று சொல்லிவிட்டேன். நாக்கில் சனி.

கதவு பாதி மூடியது. அந்தப் பாதிக் கதவுக்கு வெளியே நின்று நான் கெஞ்சினதை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. செல்லிப்பட்டு, மாமன் மகன், கரும்பு எல்லாம் சொன்னேன். கரும்பைச் சொன்னதும் அவள் முகம் கொஞ்சம் இளகியது. அவள் வீட்டுக்காரரும் கரும்புதான் போடுகிறார்.

“சரி, வெண்ண தரேன். ஒரு பேச்சு. இன்னிக்கு விருந்துல மதாம் முன்னால, ஊரு முன்னால எழுந்து நின்னு, செண்பகத்துக்கு பேன் இல்லன்னு சொல்லணும். நேத்து சொன்ன அதே வாயால.”

நான் ஒத்துக்கொண்டேன். அந்த வாரத்தில் புரிந்துகொண்டு ஒத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

சட்டி நிறைய வெண்ணெயோடு திரும்பினால், சொல்தா ஒரு சாக்கோடு வந்திருந்தார். பஸ் நிற்கிற ரோட்டோர டீக்கடையில் வாங்கினாராம். “வருசப் பொறப்பாச்சே, இன்னிக்கு புதுச்சேரியிலிருந்து ரொட்டி வரல. முந்தாநாள் ரொட்டிதான் கீது.” ஒன்றை எடுத்துப் பெஞ்சில் தட்டினார். பெஞ்சுதான் அதிர்ந்தது.

கத்தி ஏறவில்லை. அரிவாள்மணையில் தேங்காய் உடைக்கிற பலத்தோடு உட்கார்ந்து துண்டு போட்டேன். இந்த ரொட்டியைக் கடித்தால் பிள்ளைகளுக்குப் புது வருஷத்தில் பல் இருக்காது. என்ன செய்வது என்று பார்த்தபோது, சுக்குத் தண்ணீர் அண்டா ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அதன் வாயில் துணியைக் கட்டி, இட்லி மாதிரி ரொட்டித் துண்டுகளை அடுக்கி மூடினேன். கொஞ்ச நேரத்தில் பஞ்சாகிவிட்டது. சுக்கு மணம் லேசாக ஏறியிருந்தது. பரவாயில்லை.

ஆற வைத்து, வெண்ணெய் தடவி, சீரக மிட்டாயைத் தூவி முதல் துண்டைத் தட்டில் வைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கே ஆசையாக இருந்தது. வெள்ளை வெண்ணெயில் சிவப்பும் பச்சையும் மஞ்சளும். சமையல் என்று சொல்ல ஒன்றுமே இல்லை, ஆனால் பிள்ளைகள் பார்த்தால் விடமாட்டார்கள். இதைத்தான் அந்த நல்ல மனுஷி கார் ஜன்னலில் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லியிருக்கிறார். நான் பேன் சீப்பு என்று நினைத்தேன்.

இப்போது எனக்குச் சரியான உச்சரிப்பு தெரியும் அல்லவா? சும்மா இருக்க முடியவில்லை. பெரிய வாத்தியாரிடம் கடைசித் தட்டைக் கொடுத்து, “அய்யா, நான் முகம் கழுவிட்டு வரேன். இதுக்கு மட்டும் நீங்க சுக்ர் தூவிடுங்க” என்றேன். மூக்காலும் தொண்டையாலும் அவ்வளவு சுத்தமாகச் சொன்னேன்.

திரும்பி வந்தபோது அவர் சுக்குப் பொடி டப்பாவை மூடிக்கொண்டிருந்தார்.

“நீ சொன்னியேன்னு சுக்கு நிறையவே தூவிட்டேம்மா. மேல மிட்டாயும் கொஞ்சம் போட்டேன்.”

வழித்தால் வெண்ணெயும் சேர்ந்து வரும். வெளியே கார் சத்தம் கேட்டது. “அந்தத் தட்டைப் பெரியவங்க யாருக்கும் கொடுக்காதீங்க அய்யா” என்றேன். அவர் காதில் ‘பெரியவங்களுக்குக் கொடுங்க’ என்று விழுந்திருக்கிறது. காது விஷயத்தில் அன்றைக்கு நான் யாரையும் குறை சொல்கிற நிலையில் இல்லை.

மதாம் சேற்றில் நடந்தே வந்துவிட்டார். நாற்பது பிள்ளைகள், எண்ணெய் பளபளக்கும் தலையோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மதாம் முகம் மலர்ந்தது. தட்டு நீண்டது. எந்தத் தட்டு என்று நான் பார்ப்பதற்குள் ஒரு துண்டை எடுத்துக் கடித்துவிட்டார்.

கண் அகலமானது. முகம் சிவந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு மெதுவாக மென்று விழுங்கிவிட்டு, நெஞ்சில் கை வைத்து ஏதோ சொன்னார்.

“காரமா கீதாம். ஆனா நல்லா கீதாம்” என்றார் சொல்தா.

எல்லாருக்கும் கொடுத்தாயிற்று. பிள்ளைகள் மிட்டாயை முதலில் நக்கிவிட்டுப் பிறகு ரொட்டிக்கு வந்தார்கள். எல்லாம் நல்லபடி முடியப் போகிறது என்று நினைத்தபோது வாசல் பக்கம் பார்த்தேன். தனலட்சுமி அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

சொன்ன சொல் சொன்னதுதான். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, செண்பகத்தை எழுப்பி நிறுத்தி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்: “செண்பகத்துக்குப் பேன் இல்லை.”

மதாம் திடுக்கிட்டுத் திரும்பினார்.

‘இல்லை’ அவர் கற்றுக்கொண்ட நாலைந்து தமிழ்ச் சொல்லில் ஒன்று. ‘பேன்’ அவர் சொந்தச் சொல். ஒரு குழந்தைக்கு மட்டும் ரொட்டி இல்லை என்று வாத்தியாரம்மா ஊருக்கு முன்னால் எழுந்து நின்று சொல்கிறாள்.

“பேன் இல்லை?” என்றார்.

“இல்லை மதாம்” என்றேன், அடித்துச் சொல்ல வேண்டும் என்பதால். “சுத்தமா இல்லை.”

மதாம் எழுந்து போய், மிச்சமிருந்த தட்டிலிருந்து இரண்டு துண்டை எடுத்துச் செண்பகத்தின் இரண்டு கையிலும் வைத்து, தலையைத் தடவிக் கொடுத்தார். தனலட்சுமி அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. செண்பகம் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுப் புதிய துண்டைக் கடித்தாள்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு நிலவரம் புரிய எவ்வளவு நேரம் ஆகும்?

“எனக்கும் பேன் இல்ல மதாம்” என்று ஒரு பையன் எழுந்தான். அவன் கைக்கு ஒன்று போயிற்று. அதற்குப் பிறகு வரிசையே கிடையாது. “எனக்கும் பேன் இல்ல”, “எனக்கும் பேன் இல்ல” என்று பள்ளிக்கூடமே எழுந்து மதாமைச் சூழ்ந்துகொண்டது. நேற்று முப்பது எடுத்த தலையெல்லாம் பேன் இல்லை என்று சத்தியம் செய்தது. மதாம் இரண்டு கையாலும் எடுத்து எடுத்துக் கொடுத்தார். பெரிய வாத்தியார் தூவிய சுக்குத் தட்டும் காலி.

பின்வரிசையில் அஞ்சலை என்று ஒரு சாதுப் பெண். அவள் மட்டும் நிஜத்தைச் சொன்னாள். “எனக்கு நெறைய பேன் கீது மதாம்.” அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு என் பங்கை அவளுக்குக் கொடுத்தேன்.

தட்டெல்லாம் காலியானதும் மதாம் என் பக்கம் திரும்பினார். ரொட்டி போதவில்லை, பிள்ளைகள் பிச்சை கேட்கிற மாதிரி கேட்டுவிட்டார்கள், ஒரு குழந்தையை ஊர் முன்னால் அவமானப்படுத்தியும் விட்டேன். செல்லிப்பட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்ட மாதிரிதான் இருந்தது எனக்கு. மதாம் மூச்சு விடாமல் பேசினார். கண்ணில் இன்னும் தண்ணீர் இருந்தது. அது சுக்கா, கோபமா என்று தெரியவில்லை.

நான் உய் சொல்லவில்லை. சொல்தாவைப் பார்த்தேன்.

சொல்தா வாயில் மறுபடியும் துண்டு. அதை எடுத்துவிட்டு, தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்.

“புதுச்சேரியில பெரிய பெரிய பள்ளிக்கூடத்துல கூட புள்ளைங்க பேன்ற சொல்ல பாங்கு, பைனுன்னு கொதறுதுங்களாம். இங்க நாப்பது புள்ளையும் பிரான்ஸ்ல பொறந்ததாட்டம் சுத்தமா சொல்லுதாம். இத்த யாரு கத்துக்குடுத்ததுன்னு கேக்கறாங்க.”

நான் வாயைத் திறப்பதற்குள் பெரிய வாத்தியார் என்னைக் காட்டி, “எல்லாம் நம்ம வாத்தியாரம்மா கைங்கரியந்தான். நேத்து பூரா உக்காந்து ஒவ்வொரு புள்ளையா எடுத்தாங்க” என்றார்.

அடுத்த வாரம் உத்தரவு வந்தது. என் வேலை நிரந்தரம். கூடவே, சனிக்கிழமைதோறும் பாகூர் கொம்யூனில் உள்ள மற்ற வாத்தியார்களுக்கு நான் பிரெஞ்சு உச்சரிப்பு சொல்லிக் கொடுக்க வேண்டுமாம்.